சஷ்டிக்குள் முட்டை

ஒக்ரோபர் 14, செவ்வாய்

திருச்சிக்கு வந்து சேர்ந்தோம். ஊரில் பலாலி விமான நிலையத்தில் ஏறி, விமானத்தில் தந்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இறக்கிவிட்டார்கள். கொடிகாமத்தில் புகையிரத நிலைய அதிபராக இருந்த காலத்தில் வவுனியாவுக்குப் போய்வர நான் பட்ட பாட்டோடு பார்த்தால் இது ஒரு பயணமே இல்லை. ஆனாலும் வெளிநாடு வெளிநாடுதான். அறுபத்தெட்டு வயதில் கடவுச்சீட்டில் முதல் முத்திரை விழுந்தபோது எனக்குக் கொஞ்சம் மிதப்பு வந்தது உண்மை.

இந்தப் பயணம் எனக்காகத்தான். வயலூர் முருகன் கோயிலுக்குப் போய்க் கந்தசஷ்டி விரதம் பிடிக்க வேண்டும் என்று எப்போதோ நான் சொன்னதை மகன் சேந்தன் நினைவில் வைத்திருந்து, மருமகள் தர்மினியையும் சேர்த்துக்கொண்டு என்னைக் கூட்டிவந்திருக்கிறான். நீர்வழங்கல் சபையில் அவனுக்கு இரண்டு கிழமைதான் லீவு. அவன் திரும்பிய பிறகும் தர்மினி என்னோடு நிற்பாளாம். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைகள் இப்படிச் செய்யும்? தில்லைநகரில் இரண்டு அறையும் குசினியும் உள்ள வீடு ஒன்றை எடுத்திருக்கிறார்கள்.

வழக்கம்போலத் தங்கச்சி பரமேஸ்வரிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். “அண்ணை, நீங்கள் குடுத்து வச்சனீங்கள்,” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஏழு வருசமாச்சு. அந்த முருகனிட்டையாவது உவள் தர்மினியை ஒரு பிள்ளைக்கு நேந்து கும்பிடச் சொல்லுங்கோ,” என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஒக்ரோபர் 16, வியாழன்

திருவானைக்காவல், ஸ்ரீரங்கம். பார்த்துப் பார்த்துக் கழுத்து நொந்ததுதான் மிச்சம். மதிலுக்குள் மதில், அதற்குள் தெரு, தெருவுக்குள் கடை. சாமி இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்கு அவரிடம் கேட்க இருந்தது மறந்துவிட்டது.

ஓட்டோக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “சிலோனா சார்? உங்க தமிழு கேக்கவே நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் பேசுங்க,” என்றார். பேசினேன். கூலியைக் குறைக்கவில்லை.

ஒக்ரோபர் 18, சனி

சேந்தன் நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறான். எடுத்த கையோடு ஊருக்கு அனுப்புகிறான். நாங்கள் பார்க்க வந்தோமா, பார்த்தோம் என்று காட்ட வந்தோமா என்று கேட்டேன். “எல்லாம் உங்களுக்காகத்தானேயப்பா,” என்றான்.

இன்னொன்று. காலையில் இருவரும் நடந்துவிட்டு வருகிறோம் என்று போகிறார்கள். நானும் வரவா என்றால், “நீங்கள் பேப்பர் பாத்துக்கொண்டு இருங்கோ” என்கிறார்கள். திரும்பி வரும்போது தர்மினி இடுப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிறாள். முப்பத்திநாலு வயதில், நாலு தெரு நடந்ததற்கு இடுப்பு நோகிறதாம்! நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மாமனார் குறை பிடிக்கிறார் என்று வரும்.

ஒக்ரோபர் 20, திங்கள்

தீபாவளி. விடியமுன்னரே வெடி. எனக்கு வெடிச்சத்தம் எப்போதும் பிடிப்பதில்லை, அதற்கு எங்கள் ஊரில் காரணம் சொல்லத் தேவையில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தேன். மேல்வீட்டு அம்மா முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து தந்தார். அதிரசம் நன்றாக இருந்தது.

ஒக்ரோபர் 21, செவ்வாய்

காலையில் புடவை வாங்கப் போகிறோம் என்று இருவரும் வெளிக்கிட்டுப் போனார்கள். மாலைதான் வந்தார்கள். கையில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. தீபாவளிக்கு மறுநாள், தெருவில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கிறது. எந்தக் கடையில் அவ்வளவு நேரம் நின்றார்கள்? தர்மினி வந்தவுடன் படுத்துவிட்டாள். சேந்தன் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தான். அவன் கஞ்சி வைத்து நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒக்ரோபர் 22, புதன்

சஷ்டி தொடக்கம். காலையில் வயலூருக்குப் போய்க் கும்பிட்டு வந்தேன். ஐந்து நாள் பாலும் பழமும், கடைசி நாள் முழுப் பட்டினி.

மாலை மலைக்கோட்டை. அடிவாரத்தில் வைத்தே தர்மினி, “நான் கீழ இருக்கிறன் மாமா, கால் நோகுது,” என்றாள். நேற்று நாள் முழுக்கக் கடை பார்த்த கால்! அதற்குச் சேந்தனும் துணையாக உட்கார்ந்துவிட்டான். கோபத்தில் நான் தனியே ஏறினேன். கோபம் நல்லது, மூச்சு வாங்கவில்லை.

பாதி மலையில் தாயுமானவர் சன்னிதி. பிரசவத்துக்குத் துணையில்லாத ஒரு பெண்ணுக்குத் தாயாக வந்து நின்ற சாமி. குருக்கள், “யார் பேருக்கு அர்ச்சனை?” என்று கேட்டார். தர்மினி, அனுஷ நட்சத்திரம் என்றேன். ஏறி வந்ததற்கு ஒன்று செய்ய வேண்டுமே என்று செய்தேன், வேறொன்றுமில்லை. அவர் தந்த வாழைப்பழத்தைக் கொண்டுவந்து பேசாமல் அவள் கையில் கொடுத்தேன். அவள் பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். கோபம்தான்.

ஒக்ரோபர் 23, வியாழன்

என் பாலை வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால், தயிருக்குப் பின்னால் முட்டை! பாதி முடிந்திருந்தது. குப்பைக் கூடையில் பேப்பரில் சுற்றிய முட்டைக் கோது. சஷ்டிக்குள் முட்டை! சாதாரண நாளிலேயே எங்கள் குசினிக்குள் முட்டை வந்ததில்லை. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஆறு நாளும் என்னோடு சேர்ந்து விரதம் பிடித்தவள் இவள். இந்த வருடம் ஏதோ வயிற்று நோ, பிடிக்கவில்லை என்று சொன்னாள். சரி என்று விட்டேன். இதற்காகவா?

பரமேஸ்வரியின் காதில் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். மனம் ஆறவில்லை.

ஒக்ரோபர் 24, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் பரமேஸ்வரி தர்மினிக்குப் போன் எடுத்திருக்கிறாள். விரதத்தைக் குழப்பிறதாலதான் உனக்கு வயிறு திறக்குதில்லை என்று சொல்லியிருக்கிறாள். தர்மினி போனை வைத்துவிட்டு அறைக்குள் போனாள். பிறகு அழுகை கேட்டது. சேந்தன் என் முன்னால் வந்து நின்றான்.

“மாமிக்கு என்னப்பா சொன்னனீங்கள்?”

“கண்டதைச் சொன்னன்.”

“செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரியில கரு வச்சது. முட்டை சாப்பிடச் சொன்னது டொக்டர். மாட்டன் எண்டு அழுதவள். நான்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கு எண்டு குடுத்தனான். படி ஏறாதேங்கோ, மனசைக் குழப்பாதேங்கோ எண்டு சொல்லி அனுப்பினவை. இப்ப பாருங்கோ, கிடந்து அழுகிறாள்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“உங்களுக்குச் சொன்னா மாமிக்குச் சொன்ன மாதிரி. போனமுறை கொழும்பில செய்து சரிவராமப் போனது எப்பிடியோ ஊருக்குத் தெரிஞ்சு, செத்தவீட்டுக்கு வாற மாதிரி வந்து விசாரிச்சதுகள். ரெண்டு மாசம் அவள் வீட்டுப் படலை தாண்டேல்லை. மறந்திட்டியளோ?”

மறக்கவில்லை. காய்ச்சல் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் காய்ச்சல் என்றே வைத்துக்கொண்டேன்.

“அப்ப இந்தப் பயணம்? வயலூர், சஷ்டி எல்லாம்?”

அவன் நிலத்தைப் பார்த்தான். “ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் வேணுமெல்லேயப்பா.”

அந்தக் காரணம் நான்தான். எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கம் மட்டும்தான் இருக்கிறது. காலையில் நடந்ததெல்லாம் ஊசி போடப் போனது. புடவைக் கடை என்றது ஆஸ்பத்திரி. கண் முன்னே முழுப் பூசணிக்காய் கிடந்திருக்கிறது, நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

பரமேஸ்வரிக்குப் போன் எடுத்தேன். “அந்த முட்டை தலைக்குப் பூச வாங்கினதாம். இஞ்சத்தைத் தண்ணிக்குத் தலைமயிர் கொட்டுதாம். விசாரிக்காமச் சொல்லிப்போட்டன்.”

“ஐயோ அண்ணை, அந்தப் பிள்ளையை நான் சும்மா ஏசிப்போட்டனே!”

“ஓம். ரெண்டு பேரும் ஏசிப்போட்டம்.”

ஒரு நிமிடம் பிந்தி வந்த ரயிலைக்கூடப் பிந்தியது என்றே எழுதி உத்தியோகம் பார்த்தவன் நான். பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தெரியாது.

ஒக்ரோபர் 25, சனி

பால், பழம். ஃப்ரிட்ஜில் முட்டை அப்படியே இருக்கிறது, தர்மினி தொடவில்லை.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

சேந்தன் போய்விட்டான். விமான நிலையத்தில் என்னைப் பார்த்து, “பாத்துக்கொள்ளுங்கோப்பா,” என்றான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வரும் வழியில் ஓட்டோவில் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தோம். வீட்டில் அவள் என் முன்னால் கதிரையில்கூட உட்காருவதில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விடுவாள், நானும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிடுவேன். ஏழு வருடம் அப்படித்தான் மரியாதையாக இருந்திருக்கிறோம். மரியாதையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இங்கே அவளை ஊசி போட யார் கூட்டிப்போவது?

வந்து பார்த்தால் ஃப்ரிட்ஜில் முட்டை இல்லை. காலையிலேயே வீடு கூட்ட வருகிற பெண்ணிடம் தர்மினி கொடுத்துவிட்டிருந்தாள்.

ஒக்ரோபர் 27, திங்கள்

சூரன்போர். முழுப் பட்டினி. வயலூரில் இன்று திருவிழா, நான் போகவில்லை. மூலைக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் நெற்றியில் இருந்த திருநீற்றையும் கழுத்தில் இருந்த உருத்திராட்சத்தையும் பார்த்தார். “சாமி, இன்னிக்கு சூரசம்ஹாரம். முட்டையா கேட்டீங்க?”

“ஓம். முட்டைதான்.”

“எனக்கென்ன, குடுக்குறேன். கவர்ல போட்டு, மேல கருவேப்பிலைய வச்சுத் தரவா? தெருவுல போறவங்க ஏதாச்சும் சொல்லுவாங்க.”

கறிவேப்பிலையை மேலே வைத்துக்கொண்டு வந்தேன். என் வாழ்நாளில் முட்டையைத் தொட்டது இதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் அவிய வேண்டும் என்று யாரிடம் கேட்பது? ஒரு பதிகம் சொல்லி முடித்தேன். போதாது என்று இன்னொன்றும் சொன்னேன். உரிக்கும்போது கோதோடு பாதி வெள்ளையும் வந்துவிட்டது. மிஞ்சியதை மிளகும் உப்பும் போட்டுத் தட்டில் வைத்து அவள் அறை வாசலில் நின்றேன்.

“பிள்ளை, சாப்பிடு.”

“மாமா, இண்டைக்குச் சூரன்போர்!”

“விரதம் நான் பிடிக்கிறன். உன்ரையும் சேத்துத்தான் பிடிக்கிறன். ஒரு வீட்டுக்கு ஒராள் காணும்.”

அவள் தட்டைப் பார்த்தாள். “இது என்ன மாமா, எலி கடிச்ச மாதிரி?” என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அழுதுகொண்டே சாப்பிட்டாள். அந்த மணம் எனக்கு ஆகவில்லை. காட்டிக்கொள்ளவில்லை, முடியும்வரை அங்கேயே நின்றேன்.

ஒக்ரோபர் 28, செவ்வாய்

பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடும் நாள். நானே சமைத்தேன். அவள் முதல் தடவையாக என் முன்னால் கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்புக் காணாது என்று சொன்னாள், அதுவும் முதல் தடவை.

சாப்பிட்டு முடிந்ததும், “மாமா, இதுதான் கடைசி. எடுத்து வச்சிருந்த கரு எல்லாம் முடிஞ்சுது. இன்னொருக்கா முதல்ல இருந்து தொடங்க என்ர உடம்பும் விடாது எண்டு டொக்டர் சொன்னவ,” என்றாள். கொஞ்ச நேரம் தட்டில் விரலால் கோடு போட்டாள். “சரிவராட்டி?”

“சரிவராட்டி நாங்கள் மூண்டு பேர். இப்பவும் மூண்டு பேர்தானே? என்ன குறைஞ்சு போச்சு?”

சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்க் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றேன். எனக்கு அது எவ்வளவு வேண்டும் என்று இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. இந்தக் கொப்பிக்கும் சொன்னதில்லை. வேண்டும். மிகவும் வேண்டும்.

ஒக்ரோபர் 29, புதன்

பரமேஸ்வரி படம் கேட்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஓட்டோவில் ஏறினோம். தெப்பக்குளம், பழைய தேவாலயம், காவிரிப் பாலம், காந்தி மார்க்கெட். எல்லாவற்றையும் இறங்காமலே பார்த்தோம். ஒவ்வோர் இடத்திலும் தர்மினி தலையை வெளியே நீட்டிச் சிரிக்க, நான் படம் எடுத்தேன்.

“சார், ஒரு இடத்துலயாச்சும் இறங்கிப் பாக்கலாம்ல?” என்றார் ஓட்டோக்காரர்.

“பாத்தாச்சு. மெல்லமாப் போங்கோ, பள்ளத்தில விடாதேங்கோ,” என்றேன். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினார்.

ஒக்ரோபர் 30, வியாழன்

காலை என் கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது. “மாமா, ரத்தம் படுகுது,” என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு மருமகள் மாமனாரிடம் சொல்லக்கூடிய சொல் இல்லை இது. அவளுக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை. சட்டையைப் புறம் மாறிப் போட்டுக்கொண்டு அவளோடு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் தாதி, “கூட வந்தது யாரு, அப்பாவா?” என்று கேட்டாள்.

“மாமனார்.”

“மாமனாரா!” என்று என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தர்மினியிடம், “சில பேருக்கு இப்படி லேசாப் படும்மா. அதுக்காகப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. மருந்த விட்றாதீங்க. செவ்வாக்கிழமை ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்,” என்றாள்.

நான் இதுவரை இப்படிப் பயந்ததில்லை. ஷெல் விழுந்த நாட்களில்கூட இவ்வளவு பயப்படவில்லை என்று நினைக்கிறேன்.

ஒக்ரோபர் 31, வெள்ளி

மழை. இன்று படவில்லை என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்.

நவம்பர் 2, ஞாயிறு

முட்டை அவிப்பதில் கை தேறிவிட்டது. கோது முழுதாக வருகிறது. பரமேஸ்வரி போனில், “தர்மினிக்குத் தலைமயிர் இப்ப எப்பிடி?” என்று கேட்டாள். நல்ல சுகம் என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் போய் இரத்தம் கொடுத்தோம். பின்னேரம் போன் எடுத்துச் சொல்வார்களாம். வீட்டுக்கு வந்து இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கொஞ்ச நேரத்தில் தர்மினி, “இப்பிடி இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும். வாங்கோ மாமா, எங்கையாவது போவம்,” என்று எழுந்தாள். ஜங்சனுக்குப் பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறதென்று அவளே போனில் தேடிக் கண்டுபிடித்தாள். படி இல்லாத இடமாம்.

இந்த ஊருக்கு வந்து மனதார ஒரு இடம் பார்த்தது இன்றைக்குத்தான். பழைய நிலக்கரி எஞ்சின் ஒன்று வெளியே நிற்கிறது. நான் அவளுக்குச் சக்கரம், கொதிகலன், தண்ணீர் பிடிக்கிற வழி எல்லாம் காட்டிக்கொண்டே போனேன். அவள் ஓம் ஓம் என்று கேட்டாள். ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள். நானும் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

அங்கேதான் போன் அடித்தது. அவள் திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். “எனக்கு ஏலாது. நீங்கள் கேளுங்கோ மாமா.”

வாங்கிக் காதில் வைத்தேன். “சார், பாசிட்டிவ் வந்திருக்கு. அளவும் நல்லா இருக்கு. வியாழக்கிழமை இன்னொரு வாட்டி ரத்தம் பாப்போம். அப்புறம் ரெண்டு வாரத்துல ஸ்கேன். துடிப்பு தெரிஞ்சாத்தான் நாங்க முழுசா சந்தோசப்படுவோம், நீங்க இப்பவே படலாம்,” என்றது அந்தக் குரல். நன்றி என்று சொன்னேனா தெரியவில்லை.

தர்மினி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நிக்குது பிள்ளை,” என்றேன்.

அவள் அப்படியே அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்தாள். பிறகு என் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு தாய் எங்களைச் சுற்றிக்கொண்டு விலகிப் போனாள். எஞ்சினைப் பார்த்து அழுகிற ஆட்கள் என்று நினைத்திருப்பாள்.

சேந்தனுக்குப் போன் எடுத்தோம். அவன் உண்மையோ என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, “ஸ்கேனுக்கு நான் வாறன்,” என்றான். ஊருக்குத் திரும்புகிற எங்கள் விமான ரிக்கெற்றைத் தள்ளிப்போட்டோம்.

இன்னும் தாண்ட வேண்டியது நிறைய இருக்கிறது. தெரியும். இருந்தாலும் நான் இன்று சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

மாலை பரமேஸ்வரி எடுத்தாள். “அண்ணை, ரிக்கெற் மாத்தினதாம் எண்டு சேந்தன் சொல்லுறான். ஊர் முழுக்கப் பாத்து முடிச்சிட்டியளே, இன்னும் என்னத்தைப் பாக்கிறியள் அங்க?”

“இன்னும் ஒண்டு இருக்கு பரமேசு. ரெண்டு கிழமை பொறுத்துத்தான் காட்டுவினமாம்.”

“அப்பிடி என்ன பெரிய சாமான்?”

“பெரிசில்லை,” என்றேன். “சின்னதுதான்.”

அதற்கு மேல் குரல் வரவில்லை. தர்மினி எழுந்து வந்து என் கையிலிருந்த போனை வாங்கினாள்.

“மாமி, மாமாவுக்கு நல்ல தடிமன், மூக்கடைச்சுக் கதைக்க ஏலாமக் கிடக்கு,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.